இடிக்குப் போட்ட பெட்டி

“இன்னும் வரேல்லையே?”

“வரும்.”

“கறுப்பாக் கிடக்கு.”

“முதல் கறுப்பாத்தான் கிடக்கும். நீ போய் அறுகரிசியைப் பார்.”

மணமக்கள்மேல் தூவி வாழ்த்தும் அறுகரிசி காலையிலேயே தயாராகி வெள்ளித்தட்டில் மூடி வைத்தாயிற்று. விமலேஸ்வரி போகாமல் கணவனின் முதுகுக்குப் பின்னால் நின்று தொலைக்காட்சியைப் பார்த்தாள். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. இணைப்பில் பாதுகாப்பில்லை, ஆகவே படம் காட்டப்படாது என்பது அதன் சாரம். சிற்றம்பலம் அந்த வரியை விடிந்ததிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப வாசித்தால் அது மனம் மாறும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அன்று அவர்களுடைய ஒரே மகள் மேனுகாவுக்கு ரொறன்ரோவில் கலியாணம். தாய் தகப்பன் இருவருக்கும் விசா கிடைக்கவில்லை. அங்கே காலையில் முகூர்த்தம் என்றால் உருத்திரபுரத்தில் விளக்கு வைத்துச் சற்றுப் பிந்திய நேரம். வீட்டிலிருந்தே நேரடியாகப் பார்க்கலாம் என்று மேனுகா ஆறுதல் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் போன வருடமே தொலைக்காட்சியில் கொழுவ ஒரு சின்னக் கொம்பியூட்டரையும், முன்னறையின் நாலு மூலைக்கும் ஒலிபெருக்கிகளையும் அனுப்பி வைத்திருந்தாள்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. அவர்கள் வீட்டு முந்தைய கலியாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆடிய ஆட்டத்தை யாரோ பிரதி எடுத்து, அதற்கொரு பாட்டையும் போட்டு, கடல் கடந்த தமிழர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். மாமன் இன்றைக்கும் கோயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டுதான் போகிறாராம். ஆகவே இந்தக் கலியாணத்தை யாரும் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு இணைப்பு. அதையும் ஒரே ஒரு கருவியில்தான் திறக்கலாம். சிற்றம்பலம் அதைக் கொம்பியூட்டரில் திறந்துவிட்டார். இனிக் கைத்தொலைபேசியில் திறக்க வழியில்லை. சரிபார்த்துக்கொள்ள அனுப்பிய மாதிரிப் படமே வரவில்லை என்றால் கலியாணம் எங்கே வரப்போகிறது?

“டவுணிலயிருந்து சுஜிதனைக் கூப்பிடுங்கோவன்.”

“எனக்குத் தெரியாத வாய்க்காலோ?” என்றார் சிற்றம்பலம்.

அவர் கமக்காரர் அமைப்பின் தலைவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த நாள் எந்த வாய்க்காலுக்குப் போகும் என்பதை நித்திரையிலும் பிசகாமல் சொல்லுவார். அந்தத் தைரியத்தில் எல்லா வயரையும் கழற்றித் துடைத்துத் திரும்பக் கொழுவினார். இப்போது அந்த ஆங்கில வரியும் போய்விட்டது.

சுஜிதன் மத்தியானம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். தனக்குத் தெரியாது என்ற சொல்லை அவன் இதுவரை சொன்னதில்லை. வயர்களை மாற்றிக் குத்தி, ஆங்கில வரியை மீட்டெடுத்து, தலையாட்டினான்.

“பிழை உங்களில இல்லை ஐயா. கொம்பியூட்டருக்குச் சந்தேகம்.”

“என்ன சந்தேகம்?”

“தன்னட்டயிருந்து படம் வெளிக்கிட்டு ரீவிக்குப் போற வழியில, இடையில ஆரோ உருவி எடுக்கினம் எண்டு. அப்பிடி ஒரு சாமான் இடையில இருந்தால் அது படத்தை விடாது. வழியில இருக்கிற ஒவ்வொண்டும் நம்பிக்கையான ஆள் எண்டு கையொப்பம் வைக்கவேணும்.”

சிற்றம்பலத்தின் முகம் தெளிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இயந்திரத்தின் மனம் அவருக்கு விளங்கியது.

“அப்ப குளத்துத் துலைசுக் கதவு முதல் திறந்துதான் கிடந்தது. இடையில ஒருத்தன் வரம்பை வெட்டிப்போட்டான். அது தெரிஞ்சு துலைசுக்காரன் பூட்டிப்போட்டான். அப்பிடித்தானே?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப வாய்க்காலோட நடந்தால் களவன் பிடிபடுவான். என்னட்டக் களவு எடுத்தவன் ஒருத்தன்தான் இந்த ஊரில. அவனும் தப்பேல்லை.”

அவர் பக்கத்து வளவைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்து வளவு அவருடைய சொந்தத் தம்பி அப்புத்துரையின் வளவு. சகோதரர் இருவரும் சகோதரிகள் இருவரைக் கட்டியவர்கள். விமலேஸ்வரியின் தங்கை சுதாஜினிதான் அப்புத்துரையின் மனைவி. வயல்களும் பக்கம் பக்கம்தான். போன வருடக் காலபோக நெற்செய்கையில், பயிர் கதிர் தள்ளும் குடலைப் பருவத்தில் தண்ணீருக்குத் தவித்த நேரம், தன் வரம்புக்குக் கீழே ஒரு குழாய் புதைந்திருப்பதைச் சிற்றம்பலம் கண்டுபிடித்தார். அவருடைய முறைத் தண்ணீர் அதனூடாகச் சத்தமில்லாமல் தம்பியின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது கிணற்று வேலையில் மிஞ்சித் தன் வீட்டுக் கோடியில் கிடந்த குழாய். மண் போகாமல் அதன் வாயில் கட்டியிருந்த துணி விமலேஸ்வரியின் பழைய ஊதாச் சேலை.

“தண்ணியை மட்டுமில்லை, பைப்பையும் களவெடுத்தவன். கொடியில காய்ஞ்ச சேலையையும் களவெடுத்தவன்” என்று அவர் கமக்காரர் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார். அப்புத்துரை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே பெரிய சாட்சியாகிவிட்டது. அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான். மேனுகாவைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பனுக்குக் கலியாணத்துக்குச் சொல்லவும் இல்லை.

“முதல் இந்த ஒலிபெருக்கிப் பெட்டியைக் கழட்டிப் பாப்பம்” என்றான் சுஜிதன்.

கழற்றினான். சத்தம் போனது. படம் வரவில்லை.

“அப்ப இவன் களவன் இல்லை. அடுத்தது?”

“வயர் பழசு. புதுசு கொண்டு வந்தனான்.”

புது வயர் கட்டை. சுவரில் தொங்கிய தொலைக்காட்சிக்கு எட்டவில்லை. தொலைக்காட்சியை இறக்குவோம் என்றார் சிற்றம்பலம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சுவர் அது. தாங்கியின் ஆணியை இழுத்ததும் ஆணியோடு சாந்தும், சாந்தோடு ஒரு கல்லும் வந்தன. தொலைக்காட்சியை இரண்டு நெல்மூட்டைகளின்மேல் சாய்த்து வைத்தார்கள். அதன் முதுகில் பழைய சேலைத் துண்டால் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று தொங்கியது. உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம். அதிலிருந்து ஒரு வயர் சுவரோரமாகச் சாமியறைப் பக்கம் போனது.

“இதென்ன?” என்றான் சுஜிதன்.

“அது இடிக்குப் போட்டது” என்று விமலேஸ்வரி குசினி வாசலிலிருந்து கொஞ்சம் உரக்கவே சொன்னாள். “அதைத் தொடாதேங்கோ.”

“ஓம், அது இடிக்கு” என்றார் சிற்றம்பலம். “நான் கூட்டத்துக்குப் போன நேரம் இவா ஆரையோ பிடிச்சுப் போடுவிச்சவா. வயர் நிலத்துக்குள்ள போகுது. போன வரியம் தபால்காரர் வீட்டு ரீவி இடியில எரிஞ்சதெல்லோ.”

“நல்ல வேலை. அது கிடக்கட்டும்.” ஆவணி மேகம் ஏற்கெனவே கிழக்கில் கட்டத் தொடங்கியிருந்தது. இடியோடு விளையாட சுஜிதனுக்கும் விருப்பமில்லை.

புது வயரைப் பொட்டலத்தின் அடியில் தெரிந்த துளையில் குத்தினான். படம் வரவில்லை.

அடுத்ததாகத் தொலைக்காட்சியை அதன் பிறந்தநாள் நிலைக்குக் கொண்டுபோனான். அது தமிழையும் ஆங்கிலத்தையும் மறந்து, வலமிருந்து இடமாக ஏதோவொரு மொழியில் கேள்வி கேட்டது. சுஜிதன் குத்துமதிப்பாகப் பதில் சொன்னான். உடனே தொலைக்காட்சி தான் இன்னும் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வண்ண மீன்களை நீந்தவிட்டு, தன்னை வாங்கும்படி அவர்களைக் கேட்டது.

“வாங்கிப்போட்டன்டா, வாங்கிப்போட்டன்!” என்று சிற்றம்பலம் அதைப் பார்த்துக் கத்தினார்.

மீன்களை விரட்டப் பொழுது சாய்ந்துவிட்டது. அதன் பிறகு சுஜிதன் கொம்பியூட்டருக்குள் புகுந்தான். ஏதோ ஒரு அமைப்பை மாற்றப்போக, திரையில் இருந்ததெல்லாம் தலைகீழாகத் தொங்கியது. சுட்டியை மேலே தள்ளினால் அம்பு கீழே போனது. சுஜிதன் கழுத்தை முறித்துக்கொண்டு அதைத் துரத்தினான். பக்கத்து வீட்டில் யாரோ அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது.

“என்னப்பா சிரிப்பு அங்கை?”

“ஏதும் பகிடி போகுதாக்கும் ரீவியில” என்றாள் விமலேஸ்வரி.

“அண்ணன்காரன்ர வீட்டில கலியாணம். இவருக்குப் பகிடி கேக்குது.”

தலைகீழை நிமிர்த்தியதும் கொம்பியூட்டர் தன்னைப் புதுப்பிக்கப்போவதாகவும், அணைக்கவேண்டாம் என்றும் அறிவித்தது. வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் அப்புத்துரையின் குரல் “சே!” என்றது.

“கிரிக்கெட்டில விக்கெட் போட்டுதாக்கும்” என்றார் சிற்றம்பலம். அதில் அவருக்குச் சின்னத் திருப்தி.

வட்டம் ஒருவாறு நின்றபோது வெளியே இருட்டிவிட்டது. முதல் இடி தூரத்தில் உருண்டது.

“ஐயா, வேற ஏதும் வருதோ எண்டு பாப்பம். உங்கட சொந்தப் படம் ஒண்டைத் திறவுங்கோ” என்றான் சுஜிதன்.

சிற்றம்பலம் கண்ணில் பட்ட முதல் படத்தைத் திறந்தார். பளிச்சென்று திரை நிறைய வந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சனக்கூட்டத்தில், அப்புத்துரையின் தோளில் ஏறியிருந்து, அவருடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மேனுகா. அப்போது அவளுக்கு முன்பல் இல்லை. சிற்றம்பலம் ஒரு கணம் அதைப் பார்த்தபடி இருந்தார். பிறகு வேறொரு படத்தைத் தேடுவதுபோல் அவசரமாக மூடினார். பக்கத்து வீட்டில் சிரிப்பும் இல்லை, கதையும் இல்லை.

“பாத்தீங்களோ, பூட்டு இல்லாத படம் ஓடுது. பூட்டுப் போட்டது மட்டும் நிக்குது. எங்கையோ இடையில ஒரு ஆள் இருக்கிறார் ஐயா. நான் ஒண்டையும் விடாமல் கழட்டிப்போட்டன். இனிக் கொம்பியூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய்த்தான்...”

“கடைக்கோ! அங்கை பிள்ளை மணவறைக்கு வெளிக்கிட்டிட்டாள்!”

கைத்தொலைபேசியில் ரொறன்ரோ உறவினர் ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். படம் அனுப்பத் தடை, எழுத்து மட்டும்தான். பெண் வருகிறாள். கூறைச்சேலை கொடுத்தாயிற்று. அழகாக இருக்கிறாள்.

சிற்றம்பலம் அதை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பட்டுவேட்டி காலையில் எடுத்து வைத்தபடி மடிப்புக் குலையாமல் கிடந்தது. அவர் உடம்பில் அழுக்குப் பெனியனும் சுவர்ச் சாந்தும்தான் இருந்தன. மகளைக் கையில் பிடித்துக் கொடுக்கும் இடத்தில் அங்கே வேறு யாரோ நிற்கிறார்கள். பார்க்கவாவது கிடைக்கும் என்று இருந்தார். அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

“நான் பாக்கக் குடுத்துவைக்கேல்லை, விமலா.”

விமலேஸ்வரி குசினி வாசலை விட்டு வந்தாள். தொலைக்காட்சியின் முதுகைப் பார்த்தாள். சாமியறையைப் பார்த்தாள். வேலிப் பக்கம் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“தம்பி, அந்தப் பெட்டியையும் கழட்டிப் பாருங்கோ.”

“இடிக்குப் போட்டதையோ அம்மா? இந்த மின்னலுக்கை...”

“இடி விழுந்தால் விழட்டும். கழட்டுங்கோ.”

சுஜிதன் செருப்பைப் போட்டுக்கொண்டு, கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு, பொட்டலத்தை இழுத்தான். ஊதாத் துணியை உரித்துக் கதிரையடியில் எறிந்தான். வயரை நேராகத் தொலைக்காட்சியில் குத்தினான்.

நாதஸ்வரம் வந்தது. பிறகு பூக்கள். பிறகு, கூறைச்சேலையோடு தலைகுனிந்து நடந்துவரும் மேனுகா.

“வந்திட்டாள்! என்ர பிள்ளை வந்திட்டாள்!” சிற்றம்பலம் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. “பாரப்பா! பார்!”

விமலேஸ்வரி பார்த்தாள். ஆனால் அவள் அழுத அழுகை சந்தோசத்தின் அழுகையாகத் தெரியவில்லை.

சுஜிதன் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “ஐயா, இது இடிக்குப் போட்டதில்லை. இது வாய்க்காலைப் பிரிக்கிற சாமான். ஒரு படத்தை ரெண்டு ரீவிக்கு அனுப்புறது. கையொப்பம் வைக்காத ஆள் இவர்தான்.”

“ரெண்டு ரீவியோ? எங்களிட்ட ஒண்டுதானே கிடக்கு.”

கேட்டு முடிக்க முன்னரே சிற்றம்பலத்துக்குள் இருந்த தலைவர் விழித்துக்கொண்டார். டோர்ச்சை எடுத்தார். வயர் சாமியறைக்குள் போனது. அம்மன் படத்துக்குப் பின்னால் ஏறியது. ஜன்னலால் இறங்கியது. பாகற்கொடியோடு கொடியாக வேலியில் படர்ந்தது. மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் வாய்க்கால் நடக்கிற மாதிரி அதைக் கண்ணால் விடாமல் நடந்தார். வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதையும் அவர் அன்றைக்குத்தான் கண்டார்.

“களவன்! அண்டைக்குத் தண்ணி, இண்டைக்கு என்ர பிள்ளையின்ர கலியாணம்!” என்று சொல்லிக்கொண்டே பொட்டால் புகுந்து, தம்பியின் ஜன்னலில் டோர்ச்சை அடித்தார்.

உள்ளே அப்புத்துரை பட்டுவேட்டி சால்வையோடு, திருநீறும் சந்தனமும் பூசி, பாயில் சம்மணமிட்டு இருந்தார். பக்கத்தில் சுதாஜினி கலியாணச் சேலையும் பூவுமாக இருந்தாள். முன்னால் நிறைகுடமும் குத்துவிளக்கும் ஏற்றி, ஒரு தட்டில் அறுகரிசியும் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னத் தொலைக்காட்சி முழுக் கறுப்பாகக் கிடந்தது. இருவரும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிற்றம்பலத்தின் வாயில் தயாராக இருந்த வசவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புத்துரை எழும்பி நின்றார். கூட்டத்தில் நின்றதுபோலவே ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

“என்னடா கறுப்பைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?” என்றார் சிற்றம்பலம். டோர்ச்சை அணைத்தார். “அங்கை தாலி கட்டப்போறாங்கள். எழும்பி வா. சுதா, நீயும் வா. தட்டை எடுத்துக்கொண்டு வா.”

நெல்மூட்டையில் சாய்ந்திருந்த தொலைக்காட்சிக்கு முன்னால் நால்வரும் நின்றார்கள். சுஜிதனும் நின்றான். ஒலிபெருக்கிப் பெட்டியைக் கழற்றி வைத்ததால் கெட்டிமேளம் மெல்லிசாகத்தான் கேட்டது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினான். நால்வரும் அறுகரிசியைத் தொலைக்காட்சியின்மேல் அள்ளித் தூவினார்கள். மேனுகா கமராவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“என்ர காதைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள்” என்றார் அப்புத்துரை. சொல்லிவிட்டுச் சால்வையால் கண்ணைத் துடைத்தார். சிற்றம்பலம் தம்பியின் தோளில் கைபோட்டார். அந்தக் கையில் இருந்த சாந்து பட்டுச் சால்வையில் ஒட்டிக்கொண்டது. ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“நான்தான் போடுவிச்சனான்” என்றாள் விமலேஸ்வரி, யாரும் கேட்காமலே. “நானும் தங்கச்சியும் ஒண்டா இருந்து பாத்த நாடகத்தை நான் தனிய இருந்து பாக்கிறதோ? பிறகு, பிள்ளையின்ர கலியாணத்தைச் சித்தப்பன் பாக்காமல் விடுறதோ?”

“சரி விடு. நடந்தது நடந்துபோச்சு” என்றார் சிற்றம்பலம். மகளின் தாலியைக் கண்ட மனிதர். அன்றைக்கு அவர் யாரையும் மன்னிக்கத் தயாராக இருந்தார். தலைவருக்குரிய மிடுக்கோடு கதிரையை நிமிர்த்தி இருந்தார். காலடியில் கிடந்த ஊதாத் துணியை எடுத்து, கையிலிருந்த சாந்தைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்பு, தண்ணியையும் மறந்திட்டன். பைப்பையும் மறந்திட்டன். மன்னிச்சாச்சு. ஆனால் இந்தச் சேலைத் துண்டைக் காணத்தான் கேக்கிறன். வரம்புக்குக் கீழ, ஒரு சொட்டு ஒழுகாமல் அவ்வளவு நேர்த்தியாப் பைப் வைக்க உனக்கு ஆரடா பழக்கினது?”

அப்புத்துரை முகட்டைப் பார்த்தார்.

“தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்” என்று விமலேஸ்வரி குசினிக்குள் போனாள். வழக்கத்தைவிட வேகமாகத்தான் போனாள்.

சுதாஜினி தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

“இவருக்கு மண்வெட்டி பிடிக்கவே ஒழுங்காத் தெரியாது அத்தான், அக்காதான் வந்து வெட்டி, வைச்சு, மூடிப்போட்டுப் போனவா, போகேக்கை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு இவரிட்டச் சத்தியமும் வாங்கினவா.”